இரண்டு சீட்டுக் காரும் நான்கு பெரிய சக்கரங்களும்

தஞ்சாவூர் கீழவாசலில் நான் டயர் கடை வைத்திருந்த காலத்தில், காருக்கு அடியில் தானே படுத்துப் பார்த்த ஒரே பெண்மணி அந்த அக்காதான். கைத்தறிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் ஒரு சாக்கை விரித்து, சத்தமில்லாமல் உள்ளே போய்விடுவார். வெளியே இரண்டு பாதம் மட்டும் தெரியும். கடைக்கு வருகிறவர்கள் என்னை முறைப்பார்கள், நான் என்னவோ பெண்பிள்ளையை வேலை வாங்குகிறேன் என்று. "அவங்கதாங்க ஓனரு, நான் சும்மா நிக்கறேன்" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போனது.

அவர் பேரை நான் எழுதப் போவதில்லை. அவருடைய அண்ணன் பிள்ளைகள் இன்றைக்கும் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் செல்வாக்காக இருக்கிறார்கள். வயசான காலத்தில் எனக்கு எதற்கு வம்பு? ஆனால் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் செத்துப்போவதற்கும் மனசு வரவில்லை.

'பொருந்தாது' என்ற வார்த்தை அவருக்குப் பிடிக்காது. ஒரு பொருளுக்கும் இன்னொரு பொருளுக்கும் சம்பந்தமே இல்லை என்று நாம் நினைப்போம். அவர் இரண்டையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "பொருந்துமான்னு கேக்காதீங்க தம்பி. எங்க இடிக்குதுன்னு கேளுங்க. இடிக்கிற எடம் தெரிஞ்சா மீதி வேலை லேசு" என்பார். அவர் வீட்டு வாசல் கதவில் சைக்கிள் பெல்தான் அழைப்பு மணி. மேஜை மின்விசிறியைத் தலைகீழாகக் கூரைக் கொக்கியில் தொங்கவிட்டிருந்தார். அவருடைய கணவர் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர், சாதுவான மனிதர். "ஒரு நாளைக்கு இது என் தலையில விழப்போவுது" என்று என்னிடம் முறையிட்டார். "விழுந்தா எங்க இடிக்கும்னு பாத்துட்டுத்தாங்க மாட்டினேன். உங்க கட்டிலுக்கு நேரா இல்ல, உங்க புத்தக அலமாரிக்கு நேரா" என்றார் அக்கா. வாத்தியாருக்கு அதற்குப் பிறகு தூக்கம் இன்னும் போயிற்று.

இந்த வாத்தியாரை அவர் கட்டிக்கொண்டதே ஒரு பெரிய பொருத்தும் வேலை. அக்கா பிறந்தது நூறு வேலி நிலத்துக்குக் குறையாத மிராசுக் குடும்பம். வாத்தியார் வேறு சாதி, கையகல நிலம் கிடையாது. அய்யர் இல்லை, அம்மி இல்லை. மேடை, மைக், இரண்டு மாலை, முடிந்தது கல்யாணம். ஆட்சி மாறி அந்த மாதிரிக் கல்யாணத்துக்குச் சட்டமே வந்துவிட்ட நேரம். வேடிக்கை என்னவென்றால், அக்காவின் மூத்த அண்ணனும் அதே கரைவேட்டிக்காரர்தான். மேடை ஏறினால் சாதி ஒழிக என்பார், உழுகிறவனுக்கே நிலம் என்பார். குரல் நன்றாக எடுபடும். தங்கை அதைக் கேட்டு நம்பிவிட்டாள் என்பதுதான் அவருக்குக் கோபம்.

அண்ணனுக்கு ஆகாத இன்னொரு பழக்கமும் அக்காவிடம் இருந்தது. எல்லாரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். கடைப் பையன், குப்பை அள்ள வருகிறவர், பண்ணை ஆள், யாராக இருந்தாலும் வாங்க, உட்காருங்க. தெருவில் குறுக்கே படுத்த கன்றுக்குட்டியிடம் "கொஞ்சம் எழுந்திருங்க" என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

அந்தக் கார் அவருக்கு வந்த கதையைக் கேட்டால் சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரன் ஊரைவிட்டுப் போகும்போது அக்காவின் அப்பா ஆசைப்பட்டு வாங்கியது. இரண்டே சீட்டு, மடக்குகிற துணிக்கூரை, பந்தயத்துக்குப் போவதற்கென்றே செய்த தாழ்வான உடம்பு. தரைக்கும் அதன் வயிற்றுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருக்காது. நம் ஊர் ரோட்டில் நாலு தரம் கல்லில் இடித்ததும் அப்பா அதைக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டகையில் நிறுத்திவிட்டார். கோழிகள் சீட்டில் முட்டையிட்டன. அப்பா இறந்த பிறகு அக்கா தன் பங்கைக் கேட்டபோது, "உனக்கில்லாத பங்கா? அப்பாவோட காரு உனக்குத்தான், எடுத்துக்க" என்று அண்ணன் சொல்ல, கூடத்தில் இருந்த ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் சிரித்தார்களாம். அக்கா மறுநாளே கோழிகளை இறக்கிவிட்டு, மாட்டு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டார். அப்படித்தான் எனக்கு அறிமுகம்.

காரை ஓடவைத்துவிட்டோம். ஆனால் தஞ்சாவூருக்குள்தான் ஓடும். பிறந்த வீட்டுக்குப் போகும் மண்பாதையில் அது நுழையாது. அங்கே அக்காவின் அம்மா இருந்தார். பஸ்ஸில் போய் இறங்கி, நடந்து போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவார். பிறகு முழங்கால் வலி வந்து, அந்த நடையும் முடியாமல் போயிற்று. அதைப் பற்றி மட்டும் அவர் அதிகம் பேசமாட்டார்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்திருந்தது. இவ்வளவுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்றதும், மிராசுதார்கள் மைத்துனன் பேரில், வேலைக்காரன் பேரில், பிறக்காத பேரன் பேரில் எல்லாம் நிலத்தை எழுதிவைத்தார்கள். ஒரு நாள் செல்லம்மா என்கிற அம்மா அக்காவைத் தேடி வந்தார். வாய்க்கால்கரை வயலைத் தலைமுறையாகக் குத்தகைக்கு உழுகிற குடும்பங்களில் ஒன்று அவருடையது.

"அம்மா, நாங்க உழுவுற நெலம் உங்க பேர்லதான் இருக்காம்" என்றார் செல்லம்மா.

"என் பேர்லயா? எனக்கே தெரியாதுங்களே."

"குத்தகைப் பதிவுக்கு எளுதிப் போட்டோம். நாங்க குத்தகைக்காரங்களே இல்லையாம், கூலியாளுங்களாம். தங்கச்சிக்காகத் தானே சாகுபடி பண்றதாப் பெரியவரு சொல்லிட்டாரு. தாசில்தாரு வயலுக்கே வந்து விசாரிக்கப் போறாரு. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லலன்னா, மேட்டூர்த் தண்ணி வரும்போது நாங்க வயல்ல இருக்கமாட்டோம்மா."

விஷயம் இவ்வளவுதான். நிலத்துக்குச் சொந்தக்காரர் என்று காகிதத்தில் இருக்கிற ஆள் நேரில் வந்து உண்மையைச் சொன்னால் அந்தக் குடும்பங்களுக்கு உழுகிற உரிமை. வராவிட்டால் அண்ணன் சொன்னதே சாட்சி.

செல்லம்மா வந்துபோன செய்தி அண்ணனுக்கு எட்டியதும் அவரே ஜீப்பில் வந்து இறங்கினார். "விசாரணைக்கு நீ வரக் கூடாது. வந்தே, அம்மா மொகத்த மறந்துடணும்" என்றார். போகும்போது சிரித்துக்கொண்டே, "வரணும்னாலும் எப்படி வருவே? பறந்தா வருவே?" என்றாராம். அவர் சிரித்ததில் நியாயம் இருந்தது. அண்ணன் வீட்டு வாசல் வழியாகப் போகாவிட்டால், தார் ரோட்டிலிருந்து அந்த வயலுக்கு வாய்க்கால்கரை மேல் மாட்டுவண்டித் தடம் ஒன்றுதான் வழி. ஊரில் இருந்த வண்டி எல்லாம் அவருடையது. ஜீப் அவருடையது. வாடகைக் கார் அங்கே இறங்காது. முழங்கால் வலிக்காரியால் அத்தனை தூரம் நடக்கவும் முடியாது.

அன்றைக்கு மத்தியானமே அக்கா கடைக்கு வந்தார். "தம்பி, இந்தக் காரு வண்டித்தடத்துல போவணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, இது தார் ரோட்டுலயே வயித்த இழுத்துக்கிட்டுப் போவுது."

"பெரிய சக்கரமா போட்டா?"

"பொருந்தாதுக்கா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சாக்கை எடுத்து விரித்துக்கொண்டிருந்தார்.

மதராஸில் கார் பந்தயம் விடுகிற கூட்டத்தில் எனக்கு ஒரு சிநேகிதன் உண்டு. அவனிடம் அலுமினியத்தில் வார்த்த சக்கரம் நாலு கிடந்தது. அக்காவின் காரில் இருந்தது பதின்மூன்று அங்குலம், இது பதினைந்து. லாரியில் போட்டு அனுப்பினான். போல்ட் துளை நாலும் அச்சாகப் பொருந்தின. நடுத்துளை மட்டும் சின்னதாக இருந்ததால் லேத்தில் கடைந்தோம். உயரமான டயரை ஏற்றி, சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கியபோது கார் எழுந்து நின்றது. எனக்கே கர்வமாக இருந்தது.

அக்கா சிரிக்கவில்லை. "காலியா நிக்கும்போது எல்லாம் பொருந்தும் தம்பி. பாரம் ஏத்துங்க" என்றார். பக்கத்து மண்டியிலிருந்து நெல் மூட்டை கொண்டுவந்து இரண்டு சீட்டிலும் வைத்தோம். ஸ்பிரிங் அமுங்கி, டயர் போய் மட்கார்டு விளிம்பைக் கவ்வியது. அந்த விளிம்பை மரச்சுத்தியால் அக்காவே தட்டித் தட்டி உள்பக்கம் மடித்தார். அடுத்து, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயரின் உள்பக்கம் ஒரு கம்பியில் உராய்ந்தது.

அங்கேதான் நான் என் மூளையைக் காட்டினேன். அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வாஷர் மாதிரி கனமான இரும்பு வில்லை ஒன்றை வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளினால் உராயாது. தள்ளுவதுதான் தள்ளுகிறோம், சரியாக மாட்டுவண்டிச் சக்கர அகலத்துக்குத் தள்ளிவிட்டால்? தடத்தில் ரயில் மாதிரி போகும்! லேத்துக்காரரும் நானும் ஒரு வண்டியை நிறுத்திவைத்துக் கயிறு பிடித்து அளந்தோம். அளவு பிசகவில்லை. டெல்டாவில் பிறந்தவனைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனை வராது என்று அன்றைக்குப் பெருமைப்பட்டேன். இப்படி ஒரு முட்டாள்தனமும் வேறு யாருக்கும் வராது.

ஊருக்கு வெளியே ஒரு வண்டித்தடத்தில் விட்டுப் பார்த்தோம். நாலு சக்கரமும் அழகாகத் தடத்தில் இறங்கின. கோடையில் காய்ந்து கல்லாகிக் கிடந்த நடுமேடு, அழகாகக் காரின் வயிற்றில் ஏறியது. சக்கரங்கள் சுற்றின, கார் நகரவில்லை. மாட்டுவண்டிக்கு வயிறு உயரத்தில் இருக்கிறது, அதனால் அது தடத்தில் இறங்கலாம் என்கிற சின்ன விஷயம் எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவே இல்லை.

அக்கா இறங்கி, சேலையோடு மண்ணில் படுத்துப் பார்த்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். "நல்லதாப் போச்சு தம்பி, எங்க இடிக்குதுன்னு தெரிஞ்சிடுச்சு. தடத்துல எறங்கவே கூடாது. ஒரு பக்கச் சக்கரம் நடுமேட்டு மேல, இன்னொரு பக்கம் கரை ஓரத்துல. அப்படிப் போவணும்னா இவ்ளோ அகலம் ஆவாது" என்றார்.

வில்லையைக் கழற்றினால் பழையபடி உராயுமே என்றேன். ஸ்டியரிங் முழுக்க ஒடியாமல் ஒரு போல்ட்டை முட்டுக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். அதன் பிறகு அந்தக் கார் நேராகப் போகும், நீளமான வளைவில் வளையும். குறுகின இடத்தில் திரும்பாது.

"அக்கா, வாய்க்கால்கரையில திரும்பறதுக்கு எடமே கெடையாது. போனா போனதுதான்" என்றேன்.

"திரும்பறதுக்கா போறோம்?" என்றார்.

விசாரணை அன்று காலையில் வாத்தியாருக்குப் பரீட்சை மேற்பார்வை. அக்காவோடு நான் கிளம்பினேன். அந்தக் கரை வாய்க்கால் பக்கமாகச் சரிந்திருக்கும். ஓட்டுகிறவர் உட்காருவதும் அதே பக்கம். அந்தச் சரிவுக்கு ஈடாக இடது சீட்டில் கனம் வேண்டும். என் ஒல்லி உடம்பைப் பார்த்துவிட்டு அக்கா ஒரு நெல் மூட்டையைக் காட்டினார். ஆக, இடது சீட்டில் மூட்டை, மூட்டைமேல் நான். கண்ணாடிக்கு மேலே என் தலை. திருவையாறு கடைத்தெருவில் ஒரு கிழவர் எனக்குக் கும்பிடு போட்டார், யாரோ எலெக்‌ஷனில் நிற்கிறவர் என்று நினைத்து.

பெரிய சக்கரம் போட்டதால் வேகமானி குறைவாகக் காட்டியது. அதைச் சொன்னேன். "காட்டறதவிட அதிகமா ஓடறது நல்லதுதானே தம்பி. எங்க அண்ணன் அதுக்கு நேர்மாறு" என்றார்.

தார் ரோட்டை விட்டு வாய்க்கால்கரையில் ஏறினோம். வாய்க்காலில் தண்ணீர் இல்லை, வெடித்த சேறு. அக்கா கண்ணை அகற்றாமல், நடுமேட்டில் ஒரு சக்கரமும் ஓரத்தில் ஒரு சக்கரமுமாக நடத்திக்கொண்டு போனார். இரண்டு இடத்தில் கரை மண் சரிந்தது. நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு எனக்குத் தெரிந்த சாமிகளைக் கூப்பிட்டேன். பகுத்தறிவு எல்லாம் தார் ரோட்டோடு நின்றுவிட்டது.

பாதி வழியில் குறுக்கே ஒரு மாட்டுவண்டி. வண்டிக்காரர் மாரிமுத்து, அக்காவின் பிறந்த வீட்டில் காலமெல்லாம் வண்டி ஓட்டியவர். அக்காவைச் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவர். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"பெரியவரு இங்கயே நிக்கச் சொன்னாருங்க பாப்பா" என்றார்.

"நில்லுங்க, நான் வேணாங்கல. வண்டியில என்ன ஏத்தியிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. வெறும் வண்டி."

"என் வண்டியில நெல்லு இருக்குங்களே."

மாரிமுத்து நிமிர்ந்து பார்த்தார். எங்கள் பக்கத்தில் ஒற்றைத் தடத்தில் இரண்டு வண்டி எதிர்ப்பட்டால், பாரம் ஏற்றிய வண்டிக்கு வெறும் வண்டி ஒதுங்கவேண்டும். மிராசுதார் வண்டியாக இருந்தாலும் சரி, கூலிக்கு நெல் சுமக்கிறவன் வண்டியாக இருந்தாலும் சரி, அதில் பேச்சே கிடையாது. பாரத்தோடு கரை இறங்கினால் மாடு கால் ஒடியும். அதனால் வந்த வழக்கம். அவர் காரிடம் வந்து, எனக்குக் கீழே இருந்த மூட்டையைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"நெல்லுதாங்க" என்றார்.

"பெறகென்ன?"

"பெரியவரு கேட்டா என்னங்க சொல்றது?"

"நெல்லு வந்துச்சு, ஒதுங்கினேன்னு சொல்லுங்க."

அந்த மனிதர் முகம் அப்படியே மலர்ந்தது. எஜமான் சொல்லை மீற அவரால் முடியாது. ஆனால் தன் தொழில் வழக்கத்தை மீறச் சொல்ல எஜமானுக்கும் அதிகாரம் இல்லை. மாட்டை அதட்டி, வண்டியைக் காய்ந்த வயலில் இறக்கினார். நாங்கள் தாண்டும்போது, மாட்டை ஓட்டும் தார்க்குச்சியை உயர்த்தி, பொங்கலுக்கு ஓட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்தார்.

களத்து மேட்டில் தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணனின் ஜீப் வேறொரு வழியாக, அவர் வீட்டுப் பக்கமிருந்து வந்திருந்தது. குத்தகைக் குடும்பங்கள் தள்ளி வெயிலில் நின்றன. எழுத்தர் முடிக்கிற நிலையில் பேனாவை மூடப்போனார். அப்போது எங்கள் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேட்டில் ஏறியது. அண்ணன் முதலில் பார்த்தது அக்காவை அல்ல, சக்கரத்தை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தாசில்தார் கேட்டார். "நெலம் உங்க பேர்லதாம்மா இருக்கு. யாரு சாகுபடி?"

"தங்கச்சிக்காக நாங்கதான்..." என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"அண்ணே, என்னத்தானே கேக்குறாரு" என்றார் அக்கா. "நான் இந்த மண்ண மிதிக்கறது இன்னைக்குத்தாங்க. எங்கண்ணன் வரப்பு வரைக்கும் வந்திருப்பாரு. உழுதது, நட்டது, அறுத்தது எல்லாம் இவங்கதான். குத்தகை அளந்ததும் இவங்கதான். நான் சொன்னேன்னு எழுதிக்குங்க. கையெழுத்துப் போடறேன்."

எழுத்தர் எழுதினார். ஒவ்வொரு குடும்பமாகப் பேரைக் கூப்பிட்டு எழுதினார்கள். செல்லம்மா தன் பேரை இரண்டு தரம் சொன்னார். அக்கா பக்கத்தில் போய் நின்றுகொண்டார். எனக்குக் கண் கலங்கியது. புழுதி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

தாசில்தார் ஜீப்பில் ஏறினார். அவரைத் தஞ்சாவூரில் கொண்டுபோய் விடவேண்டியது அண்ணன் பொறுப்பு. ஏறுவதற்கு முன் அண்ணன் அத்தனை பேர் எதிரிலும் சொன்னார்: "சொன்னது ஞாபகம் இருக்கட்டும். அம்மாவப் பாக்கன்னு இனிமே வாசல்ல வந்து நிக்காத."

எதற்கும் பதில் வைத்திருக்கிற அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தார். ஜீப் புறப்பட்டுப் போயிற்று. அக்கா காரைக் கிளப்பினார். முன்னால் வயல், பக்கத்தில் வைக்கோல் போர். முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தும் கார் திரும்பவில்லை. போல்ட் முட்டிக்கொண்டு நின்றது.

செல்லம்மாதான் முதலில் வந்து மட்கார்டைப் பிடித்தார். பிறகு ஆணும் பெண்ணுமாகக் களத்தில் நின்றவர்கள் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். "நீங்க உக்காருங்கம்மா, நாங்க தூக்கித் திருப்பிடறோம்" என்றார்கள். என்னையும் மூட்டையையும் கீழே இறக்கினார்கள். உட்காரச் சொன்ன பேச்சை அக்கா கேட்கவில்லை; அவரும் இறங்கி ஒரு மூலையைப் பிடித்தார். கார் தரையை விட்டு எழும்பியது.

"எந்தப் பக்கம்மா திருப்பணும்? வந்த வழிக்கா?" என்று கேட்டார் செல்லம்மா.

அக்கா வாய்க்கால்கரையைப் பார்த்தார். பிறகு ஜீப் வந்த பாதையைப் பார்த்தார். அதன் முடிவில் தென்னந்தோப்புக்கு நடுவே அவர் பிறந்த வீட்டு ஓடு தெரிந்தது. அண்ணன் தஞ்சாவூர் போய்த் திரும்ப எப்படியும் பொழுது சாயும்.

"வந்த வழி வேணாங்க. அந்தப் பக்கம்" என்றார்.

காரை அந்தப் பக்கம் பார்க்க இறக்கினார்கள். நான் மறுபடி ஏறப்போனேன். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. நீங்க பஸ்ஸுல வந்துடுங்க, சீட்டு ரெண்டுதான்" என்றார் அக்கா.

வாய்க்கால்கரை முழுவதும் நடந்து தார் ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். ஹாரன் சத்தம் கேட்டது. கூரை திறந்தபடி கார் வந்தது. இடது சீட்டில் வெள்ளைத் தலையோடு ஒரு அம்மா, மடியில் ஒரு துணிமூட்டை. ஒரு கையால் கார்க் கதவைப் பிடித்திருந்தார். இன்னொரு கையால் மகளின் தோளைப் பிடித்திருந்தார். அக்கா நிறுத்தவில்லை, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே போனார். நான் நடுரோட்டில் நின்று கைதட்டினேன்.